ஐடிஐக்கு வரும் பணம்: எந்திரமா, மூன்று மாத வகுப்பா, பட்டறையா?

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் பணம் வருகிறது. 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட பிஎம்-சேது திட்டத்தின் மதிப்பு 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில் நிறுவனங்கள் 10,000 கோடி என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். ஐந்தாண்டுகளில் ஆயிரம் அரசு ஐடிஐகளைச் சீரமைக்க வேண்டும். 200 தாய் நிலையங்கள், அவற்றைச் சார்ந்து 800 கிளை நிலையங்கள். தமிழ்நாட்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று டெல்லியுடன் மல்லுக்கட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். கிடைப்பதை எதில் போடுவது என்பது இங்கேயே முடிவாக வேண்டிய காரியம். அந்த முடிவு பெரும்பாலும் ஒரு கொள்முதல் பட்டியலாகவே அதிகாரிகளின் மேசைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் என் கவலை.

மூன்று வழிகள் இருக்கின்றன. அரசு ஐடிஐகளில் நவீன எந்திரங்களை நிறுவலாம். தனியார் மையங்கள் வழியாக இரண்டு, மூன்று மாதக் குறுகியகாலப் படிப்புகளை நடத்தலாம். அல்லது மாணவரைப் பாதிக் காலம் ஐடிஐயிலும் பாதிக் காலம் தொழிற்சாலையிலும் பழக்கலாம். மூன்றுமே இப்போது அரைகுறையாக நடக்கின்றன. எதற்கு எடை கூட்டுவது என்பதுதான் கேள்வி. என் சாய்வு மூன்றாவது பக்கம். ஆனால் அது எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தாது. விழிப்பு இல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே கசப்பான முன்கதை உண்டு.

முதலில் ஒரு கணக்கு. நூறு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அண்மையில் மேம்படுத்தப்பட்ட ஐடிஐ மையம் ஒன்றின் சராசரி மதிப்பு சுமார் 40 கோடி; ஆக நூறு கோடிக்கு இரண்டரை மையம். பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2016-ல் இரண்டாம் கட்டமாக விரிந்தபோது 12,000 கோடியில் ஒரு கோடிப் பேர் என்று இலக்கு வைத்தார்கள். அதாவது தலைக்கு 12,000 ரூபாய். அதே நூறு கோடிக்கு 83,000 சான்றிதழ்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தபடியே கற்பவர் தொழிற்பழகுநர்; அவர்களுக்கான விதிகளின்படி 2019 முதல் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை 7,000 ரூபாய். முழுத்தொகையையும் அரசே கொடுப்பதாக வைத்தாலும் ஏறத்தாழ 11,900 பேரை ஓராண்டு முழுக்கத் தொழிற்சாலையில் பழக்கலாம். எண்ணிக்கை மட்டும் பேசினால் சான்றிதழ்தான் வெல்லும். அதனால்தான் அரசியல் மேடைகளில் அதுவே அதிகம் பேசப்படுகிறது.

நாற்பது கோடி ரூபாய் மையங்கள்

எந்திர வழியில் தமிழ்நாடு ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கிறது. 2022-ல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 எனப்படும், கணினியும் ரோபோவும் சார்ந்த உற்பத்தித் தரத்துக்கு உயர்த்தும் திட்டம், சுமார் 2,877 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கியது. அதில் பெரும்பகுதி நிறுவனத் தரப்பின் பங்கு. ஆகவே அரசுக் கருவூலத்திலிருந்து போன பணம் இதைவிடக் குறைவு. 2023 ஜூலையில் ஒரகடத்தில் முதல் தொகுதி மையங்கள் திறக்கப்பட்டன. தொழிற்சாலை ரோபோ, கணினி வழிக் கடைசல், மின்சார வாகனப் பழுதுபார்ப்பு என்று புதிய பிரிவுகள் வந்தன.

இதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நிதி ஆயோக்கின் 2023 அறிக்கையின்படி நாட்டின் ஐடிஐ இடங்களில் பாதிக்கு மேல் நிரம்பாமல் கிடந்தன. "வேறெங்கும் இடம் கிடைக்காதவன் சேரும் இடம்" என்ற பெயர் ஐடிஐக்கு அப்படி ஒட்டிக்கொண்டது. பளபளப்பான கூடம், குளிர்சாதன அறையில் நிற்கும் எந்திரம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பயணம், அதற்குமேல் அரசுப் பள்ளியில் படித்தவருக்குப் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இவையெல்லாம் சேர்ந்தால்தான் ஒரு கிராமத்துக் குடும்பம் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே அனுப்பத் துணிகிறது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐயும் மொழிப்பாடத் தேர்வும் முடித்தால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டிருப்பது இன்னும் பெரிய உதவி. செலவில்லாத சீர்திருத்தம் என்பதாலோ என்னவோ, அதைப் பற்றி யாரும் பேனர் வைக்கவில்லை.

எந்திரம் வந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் சந்தேகம். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தவனின் முதல் வாரங்களைப் பாருங்கள். வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவுகிறான். முன்னால் தள்ளும்போது அழுத்த வேண்டும், பின்னால் இழுக்கும்போது தளர்த்த வேண்டும். ராவியதும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே கீற்றாக ஒளி கசிந்தால் அந்த இடம் இன்னும் சமமாகவில்லை. மறுபடி வைஸ், மறுபடி அரம். அவனுடைய தோள் ஒரு பக்கம் சாய்வதால்தான் துண்டின் ஓரம் தேய்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தப் பயிற்றுநரின் இடம் காலியாக இருந்தால் ரோபோ வந்து சொல்லித்தரப் போவதில்லை. பயிற்றுநர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பது இந்தியா முழுவதும் ஐடிஐகளைப் பிடித்த நோய். இருப்பவர்களுக்கும் தொழிற்சாலையை மறுபடி எட்டிப் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் வாய்க்கிறது.

வெல்டிங் பிரிவில் என் கேள்வி இன்னும் எளிது. ஒரு மாணவர் ஓராண்டில் எத்தனை கிலோ எலக்ட்ரோடு, அதாவது வெல்டிங் கம்பி, எரித்தார்? வெல்டரின் கை, எரித்த கம்பிகளின் கணக்கில்தான் நிதானத்துக்கு வருகிறது. பயிற்சிப் பொருளுக்கான ஒதுக்கீட்டில் கஞ்சத்தனம் காட்டினால், மாணவர்கள் முறைவைத்து ஆளுக்கு இரண்டு கம்பி எரித்துவிட்டு மற்ற நேரமெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். எந்திரம் வாங்குவது ஒருமுறைச் செலவு. அதற்கு ஒரு திறப்பு விழா உண்டு. எலக்ட்ரோடு, வெட்டுக் கருவி, மென்பொருள் உரிமம், ஆண்டுப் பராமரிப்பு ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. எலக்ட்ரோடுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

இதற்கு முன்னோட்டமும் நடந்தது. 2007-08 முதல் நாடு முழுவதும் 1,396 அரசு ஐடிஐகளை அரசு - தனியார் பங்கேற்பில் உயர்த்த, நிலையம் ஒன்றுக்கு 2.5 கோடி ரூபாய் வரை வட்டியில்லாக் கடன் தந்தார்கள். தொழிலதிபரைத் தலைவராகக் கொண்ட நிர்வாகக் குழுக்களும் அமைந்தன. பல இடங்களில் அந்தத் தலைவர் கூட்டத்துக்கு வருவதே அபூர்வமாயிற்று. பணம் வங்கியில் வைப்புநிதியாக உறங்கியது. பிஎம்-சேதுவும் தொழில்துறை தலைமையில் நிர்வாகம் என்றுதான் சொல்கிறது. பெயர்ப்பலகை மாறினால் மட்டும் முடிவு மாறிவிடாது.

மூன்று மாதத்தில் தொழிலாளி

குறுகியகாலப் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது. அதன் இரண்டாம் கட்டத்தில் ஒரு படிப்பு 150 முதல் 300 மணி நேரம். ஐடிஐயின் இரண்டாண்டுப் பிரிவு இப்போது 2,400 மணி. எட்டில் ஒரு பங்கு நேரத்தில், சில சமயம் அதற்கும் குறைவான நேரத்தில், ஆள் தயாராகிவிடுவார் என்று நம்பினோம். அரசே நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, குறுகியகாலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் பாதிப் பேருக்குக்கூட வேலை கிடைக்கவில்லை.

பணம் போன பாதையைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பயிற்சி மையத்துக்குச் சேர வேண்டிய தொகையில் வகுப்பு தொடங்கியதும் 30 விழுக்காடு, சான்றிதழ் வழங்கியதும் 50 விழுக்காடு. வேலை வாங்கிக் கொடுத்தால் மீதி 20. மையத்தை நடத்துபவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்பது விழுக்காடு கைக்கு வந்தபின் கடைசி இருபதுக்காக ஊர் ஊராக அலைய எந்த வணிகருக்கும் மனம் வராது. மத்திய அரசு அமைத்த சாரதா பிரசாத் தலைமையிலான குழு இந்த அமைப்பையும், பயிற்சித் தரத்தை வகுக்கும் துறைசார் திறன் மன்றங்களையும் கடுமையாக விமர்சித்து அறிக்கை தந்தது. 2009-ன் தேசியத் திறன் கொள்கை 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று எழுதிவைத்திருந்ததையும் இங்கே நினைவுகூரலாம். இத்தனை ஆண்டுகளில் இத்தனை கோடிப் பேர் என்று முன்கூட்டியே எண் போடுபவர்களிடம் எனக்குச் சற்று அவநம்பிக்கை உண்டு.

ஆனாலும் இந்த வழியை மூட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தொழில் தெரிந்தவருக்கு இது பொருந்தும். பத்தாண்டு டீசல் மெக்கானிக்காக இருந்தவர் மின்சார வாகனத்தின் பேட்டரியைத் தொடும்முன் கற்க வேண்டியதைச் சில வாரங்களில் கற்கலாம். கைக் கடைசலில் தேர்ந்த டர்னர் கணினி வழி எந்திரத்துக்கு நிரல் எழுதப் பழகலாம். 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின்படி, 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 விழுக்காடுதான், 16.6 விழுக்காட்டினர் அப்பாவிடமோ மேஸ்திரியிடமோ வேலை பார்த்தபடியோ கற்றவர்கள். குறுகியகாலப் படிப்பின் உண்மையான வாடிக்கையாளர்கள் இந்தப் பதினாறு விழுக்காட்டினர்தான். புதிதாகத் தொழிலுக்கு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் இதை விற்பது ஏமாற்று வேலை.

பட்டறைக்கு அனுப்பினால்

மூன்றாவது வழி புதிதல்ல. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இன்றைய நிலையில் 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். உதவித்தொகையில் கால்பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. 2016-ல் ஐடிஐ படிக்கும்போதே சில மாதங்களைத் தொழிற்சாலையில் கழிக்கும் இரட்டைப் பயிற்சி முறையும் ஜெர்மனியைப் பார்த்து வந்தது.

ஜெர்மனியைப் பார்த்து எடுத்தவர்கள் பாதியைத்தான் எடுத்தார்கள். அங்கே பழகுநர் வாரத்தில் மூன்று, நான்கு நாள் நிறுவனத்திலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு செய்திகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தேர்வு நடத்துவது பயிற்சி கொடுத்த நிறுவனம் அல்ல, தொழில் வணிகச் சபை. அதன் தேர்வுக் குழுவில் தொழிலாளர் தரப்பும் உட்காரும். இன்னொன்று, எல்லா எந்திரமும் வைத்திருக்க முடியாத சிறு பட்டறைகளுக்காகப் பொதுப் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. பட்டறையில் கற்க முடியாததை மட்டும் பழகுநர் அங்கே போய்ச் சில வாரங்கள் கற்றுத் திரும்புவார்.

கோவைக்கு இது அச்சாகப் பொருந்தும். கணபதி, பீளமேடு, குறிச்சி பக்கம் பம்புக்கு உதிரிபாகம் செய்து தரும் லேத் பட்டறைகளில் எட்டுப் பேர், பத்துப் பேர்தான் வேலை பார்ப்பார்கள். முதலாளியே ஒரு டர்னராக இருப்பார். அவரைப்போலச் சொல்லித்தரக்கூடிய ஆள் எந்தக் கல்லூரியிலும் கிடைக்க மாட்டார். ஆனால் அவரிடம் இருப்பது மூன்று லேத். படம் வாசிக்கவும் கணக்குப் போடவும் சொல்லித்தர அவருக்கு நேரமில்லை. பழகுநரைப் பதிவு செய்யும் இணையதளத்தில் உட்காரவும் ஆளில்லை. இதுபோன்ற இருபது பட்டறைகளை ஒரு குழுவாக்கி, பக்கத்து அரசு ஐடிஐயை அவற்றின் பொதுக் கூடமாக்கி, பதிவையும் ஒப்பந்தத்தையும் உதவித்தொகைக் கணக்கையும் ஐடிஐயே பார்த்துக்கொண்டால் கதை மாறும். நாற்பது கோடி ரூபாய் எந்திரங்களுக்கும் அப்போதுதான் முழுநேர வேலை கிடைக்கும். பகலில் மாணவர், மாலையில் பட்டறைத் தொழிலாளி என்று ஒரே எந்திரம் இரண்டு வேளை ஓடலாம்.

இனி கசப்பான பகுதி. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, ஆலை வளாக விடுதியிலேயே வைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். ஏட்டில் அவர்கள் எல்லோரும் பயிற்சி பெறுபவர்கள். பல பெண்கள் பாதியில் உடல்நலம் கெட்டு வெளியேறி அந்தத் தொகையும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். கற்றுக்கொடுக்கும் கடமையை எடுத்துவிட்டுப் பயிற்சி என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் மலிவான உழைப்புத்தான் மிஞ்சும்.

சட்டமும் இந்த ஆசையைத் தூண்டும்படியே அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தொழிற்பழகுநரோ சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே அல்ல, பயிற்சி பெறுபவர். ஓராண்டு பழகுநர், அவர் போனதும் அடுத்த பழகுநர் என்று வரிசையை ஓட்டிக்கொண்டே போக ஒரு மனிதவள மேலாளருக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? ஆகவே மூன்று நிபந்தனைகளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். செய்முறைத் தேர்வை வேறொரு ஐடிஐயின் பயிற்றுநரும் கொடிசியா போன்ற சிறுதொழில் சங்கத்தின் ஆளும் சேர்ந்து நடத்த வேண்டும். எந்தெந்த எந்திரத்தில் எத்தனை மணி நேரம் என்று பழகுநர் கையில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். மூன்று மாதம் ஒரே இடத்தில் பெட்டி அடுக்க வைத்தால் அது அந்தப் பதிவேட்டில் தெரிய வேண்டும். பழகுநர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

எந்த ஊருக்கு எது

ஒசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை, திருச்சி வட்டாரங்களில் பணத்தின் பெரும்பகுதி மூன்றாவது வழிக்குப் போக வேண்டும் என்பது என் முடிவு. அங்கே எந்திரம் தொழிற்சாலையில் இருக்கிறது. ஐடிஐ அதை இரண்டாம்முறை வாங்க வேண்டியதில்லை. வாங்க வேண்டியது பயிற்றுநரின் நேரத்தை. ஆண்டுக்கு ஒரு மாதம் ஒவ்வொரு பயிற்றுநரும் தொழிற்சாலைத் தளத்தில் இருக்க வேண்டும், அந்த மாதத்துக்கு மாற்று ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். பெண் பழகுநர்களுக்குத் தங்குமிடம் அடுத்த செலவு. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் விடுதி 2024-ல் திறக்கப்பட்டது. அது ஒரு பெரிய நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு. சிறு பட்டறைகளிலும் நடுத்தர ஆலைகளிலும் பழகும் பெண்களுக்கு, பணிபுரியும் மகளிருக்கான அரசின் தோழி விடுதிகளில் சில படுக்கைகளைக் குறைந்த வாடகையில் ஒதுக்கினாலே பாதித் தடை நீங்கும். இரவு எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து மகள் எங்கே தங்குவாள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தத் தாயும் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார்.

இராமநாதபுரம், நாகப்பட்டினம் போன்ற மாவட்டங்களில் நிலைமை தலைகீழ். பழகுநரை அனுப்பச் சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை இல்லை. அங்கே எந்திரத்தை ஐடிஐதான் வைத்திருக்க வேண்டும். முதல் வழியே சரி. ஆனால் ரோபோ வேண்டாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் வெல்டராகவும் குளிர்சாதன மெக்கானிக்காகவும் வளைகுடாவுக்குப் போகிறார்கள். சென்னையில் ஆளெடுப்புக்கான செய்முறைத் தேர்வான டிரேடு டெஸ்ட்டில் நின்று வெல்டிங் செய்து காட்ட வேண்டும். அவர்களுக்கு வேண்டியது கணக்கில்லாமல் எலக்ட்ரோடு, குழாய் வெல்டிங் பழக நல்ல கூடம், ஒரு தேர்ந்த பயிற்றுநர். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975 முதல் இருக்கிறது. அதனுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு இந்த மாவட்டங்களின் பயிற்றுநர்களை அங்கே அனுப்புவது, இன்னொரு முப்பரிமாண அச்சு எந்திரத்தைவிடப் பலன் தரும்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திறனுள்ள ஆளில்லை என்று புலம்பும் நிறுவனங்கள் பல, இரண்டாண்டு படித்த ஐடிஐ மாணவருக்கும் ஒன்றும் படிக்காத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பெரிய வித்தியாசமில்லாத சம்பளத்தைத்தான் நீட்டுகின்றன. அப்படியிருக்கையில் அந்தப் பிள்ளை பைக்கை எடுத்துக்கொண்டு உணவு விநியோகத்துக்குப் போனால் அதற்குப் பாடத்திட்டத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. தொழிற்பழகுநர் உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்த மத்திய தொழிற்பழகுநர் மன்றம் 2025-ல் பரிந்துரைத்தபோது அது பெரிய சுமை என்று முணுமுணுத்தவர்கள், ஆள் தட்டுப்பாட்டால் இழக்கும் ஆர்டர்களின் மதிப்பையும் ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

பிஎம்-சேதுவில் தொழில்துறை தர வேண்டிய 10,000 கோடி எந்த வடிவில் வரும் என்பது ஆகவே சின்ன விவரம் அல்ல. பழைய எந்திரத்தைப் புது விலைக்குக் கணக்குக் காட்டியும், மென்பொருள் உரிமத்துக்குப் பட்டியல் விலை போட்டும் அந்தப் பங்கை நிரப்பிவிட முடியும். அதில் குறைந்தது பாதியாவது பழகுநர்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் உதவித்தொகையாகச் சேர வேண்டும் என்று, தாய் நிலையங்களுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தமிழ்நாடு அரசு எழுதிக் கேட்க வேண்டும்.